கண்ணீர் விட்ட டாக்டர்

அந்த அறையின் வாசலில் "நோயாளர் நலத் தகவல் மையம்" என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. திறந்துவைத்த அன்று ரிப்பன் வெட்டினார்கள், படம் பிடித்தார்கள், தகவல்தான் பாதி மருந்து என்று நிர்வாகி பேசினார். அடுத்த மாதமே, மீதிப் பாதியை விற்கிற மருந்துக்கடைக்கு இடம் போதவில்லை என்று அறையை நடுவில் தடுத்து அவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். மிஞ்சிய இடத்தில் ஒரு மேசை, நாலு நாற்காலி, ஒரு கணினி, யாரும் தொடாத புண்ணியத்தில் புத்தம் புதிதாகவே இருக்கும் கையேடுகள். அவற்றுக்குக் காவலாக அவள்.

நூலகப் படிப்பு படித்துவிட்டு, நோய்களைப் பற்றிய நம்பகமான தகவலைத் தேடி எடுத்து சாதாரண மனிதருக்குப் புரியவைக்கத் தனியாகப் பயிற்சியும் எடுத்தவள். வருகிறவர்களோ கழிவறை எங்கே, லிஃப்ட் ஏன் வரவில்லை, எலும்பு டாக்டர் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டாரா என்று கேட்டார்கள். அதனால் ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்கு விசாரணையக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. அவளும் சளைத்தவள் இல்லை. யாராவது வாய் தவறி "இதைச் சாப்பிட்டா சர்க்கரை குறையுமாமே" என்றால் போதும், யார் சொன்னது, எங்கே எழுதியிருக்கிறது, எப்போது எழுதியது என்று பிடித்துக்கொள்வாள். பயிற்சி டாக்டர்களே அவள் அறையைத் தாண்டும்போது கொஞ்சம் வேகமாக நடப்பார்கள்.

அப்படிப்பட்டவளிடம் ஒருநாள் உண்மையாகவே தகவல் கேட்டு ஒரு பெண் வந்தாள். மூன்றாவது மாடியில் படுத்திருந்த தையல்காரரின் மனைவி. உட்காரச் சொன்னதற்கே நன்றி சொன்னாள்.

"டாக்டர் என்னம்மா சொன்னாரு? அவர் வார்த்தை வேண்டாம், உங்க வார்த்தையில சொல்லுங்க."

"கிட்னி ரெண்டும் வேலை செய்யலையாம். டயாலிசிஸ் மெஷின்ல ரத்தத்தைச் சுத்தம் பண்ணணுமாம். இந்த வாரமே ஆரம்பிக்கலன்னா உயிருக்கு ஆபத்துன்னாரு."

விசாரணையக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. டாக்டர் சொன்னதை இவ்வளவு சுத்தமாகத் திருப்பிச் சொன்ன ஆள் அந்த வருஷத்தில் இவள் ஒருத்திதான்.

"சரியாப் புரிஞ்சுக்கிட்டீங்க. அப்புறம் என்ன?"

"அவங்க அண்ணன் வேண்டாங்கறாரு."

அதானே பார்த்தேன் என்று அக்கா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அந்த அண்ணன்காரர் ஏதோ அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற பிறகு மருத்துவம் படித்தார். கல்லூரி அவர் கையிலேயே இருந்தது. சார்ஜ் தீர்ந்தால் மட்டும் விடுமுறை. குடும்பத்தில் யாருக்குத் தும்மல் வந்தாலும் அவர் போனில் அதற்கு ஒரு வைத்தியம் ஏற்கெனவே வந்து காத்திருக்கும். தம்பிக்குக் கிட்னி போய்விட்டது என்று தெரிந்ததிலிருந்து, கீரையும் பழமும் அரைத்த பச்சைச் சாற்றை பாட்டிலில் கொண்டுவந்து, நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்துக் குடிக்கவைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சாற்றில் இருக்கும் பொட்டாசியம் தையல்காரரின் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போனது. இன்னும் கொஞ்சம் ஏறினால் இதயம் நின்றுவிடும். ஊட்டியவருக்கோ தம்பி மேல் கொள்ளைப் பாசம்.

மறுநாள் அவரையே வரவழைத்தாள். சிறுநீரக நிபுணர்கள் சேர்ந்து எழுதிய கையேட்டை விரித்து, பக்கம் பக்கமாகக் காட்டி, தொண்டை வறள விளக்கினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மரியாதையாகக் கேட்டார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாம் சரிம்மா. ஆனா இது உண்மையா இருந்தா எனக்கு வந்திருக்குமே?"

"எங்க சார் வரணும்?"

"போன்லதான். நான் எவ்வளவு குரூப்ல இருக்கேன் தெரியுமா? ஒண்ணுல கூட வரலையே." போனை எடுத்து, வராததற்கு ஆதாரமாக அவளுக்கே காட்டினார். "வெள்ளிக்கிழமை தம்பியை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம். நீங்க நல்லாப் பேசறீங்க. உங்க வேலையை நீங்க செய்யத்தானே வேணும்."

அவர் போன பிறகு அவள் வெகுநேரம் கையேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் பயமும் இருந்தது. டாக்டர் சொல்லியாயிற்று, நர்ஸ் சொல்லியாயிற்று, அச்சடித்த புத்தகமும் சொல்லியாயிற்று. ஒரு மனிதர் வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போய்ச் சாகப்போகிறார், அதுவும் உடம்புக்கு நல்லது என்று. இவர் இனி யார் சொன்னால் கேட்பார் என்று யோசித்தாள். பதில் தெரிந்ததும் அவளுக்கே வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.

"மருத்துவமனைகள் உங்களிடம் மறைக்கும் உண்மை" என்று ஒரு மருத்துவமனைக்குள் உட்கார்ந்து எழுதினாள். உலகப் புகழ்பெற்ற மூத்த சிறுநீரக மருத்துவர் ஒருவரைப் பெற்றெடுத்தாள். அவர் கண்ணீர் மல்கச் சொன்னார்: "சாறுதானே என்று என் சொந்தத் தம்பிக்கு என் கையாலேயே கொடுத்தேன். அவன் இதயம் நின்றுவிட்டது. சிறுநீரகம் செயலிழந்தவருக்குச் சாறு விஷம். தாமதிக்காமல் டயாலிசிஸ் செய்தால் பிழைத்துக்கொள்வார்." தம்பி என்ற சொல்லை அண்ணன்காரருக்காகவே போட்டாள்.

அந்த இடத்தில் விரல் நின்றது. இன்னொரு வரி பாக்கி இருந்தது. தையல்காரரின் சிறுநீரகம் இனி திரும்பாது. மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும்வரை, கிடைக்காவிட்டால் வாழ்நாள் முழுக்க, அவர் வாரத்துக்கு மூன்று நாள் அந்த மெஷினில் படுக்க வேண்டும். இதை எழுதினால் அண்ணன்காரர் மறுபடி பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். முதலில் மெஷினில் படுக்கட்டும், மற்றதை அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அந்த வரியை விட்டுவிட்டாள். அதற்குப் பதில் கும்பிடும் கைகள் நாலும், பத்துப் பேருக்கு அனுப்பி ஒரு உயிரைக் காப்பாற்றுங்கள் என்ற வேண்டுகோளும் போட்டாள். யார் சொன்னது, எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்க அன்று அந்த அறையில் ஆள் இல்லை.

அனுப்பியது லிஃப்ட்காரருக்கு. லிஃப்ட் பாதி நாள் நின்றுபோகும், அவர் போன் நின்றதாகச் சரித்திரம் இல்லை. மூன்றாவது மாடிக்குப் போகவர இருந்ததில் அண்ணன்காரரும் அவரும் ஒருவருக்கொருவர் வைத்தியம் அனுப்பிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கியிருந்தார்கள்.

மறுநாள் காலை அண்ணன்காரர் அவள் அறைக்கே வந்துவிட்டார். முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் போனை நீட்டிய விதத்தில் ஒரு வாத்தியார்த்தனம் இருந்தது.

"இவ்வளவு புத்தகம் வச்சிருக்கீங்களே, இது தெரியுமா உங்களுக்கு?"

"என்ன சார்?"

"கிட்னி போனவங்களுக்குச் சாறு விஷமாம். ஒரு பெரிய டாக்டர் அழுதுக்கிட்டே சொல்லியிருக்காரு. பாவம், சொந்தத் தம்பியையே பறிகொடுத்திருக்காரு." அவர் குரல் உடைந்தது. "நல்லவேளை, எனக்கு வந்துச்சு."

"அப்படியா சார்," என்றாள் அவள், முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு.

"இதையெல்லாம் நீங்க வர்றவங்களுக்கு எடுத்துச் சொல்லணும்மா."

இனி சொல்வதாக வாக்குக் கொடுத்தாள். அவர் நேராக மாடிக்குப் போய்ச் சம்மதக் கையெழுத்துப் போடவைத்தார். அன்று மாலையே தையல்காரருக்கு டயாலிசிஸ் தொடங்கிவிட்டது. பச்சைச் சாற்றை அண்ணன்காரர் தன் கையாலேயே கழுவுதொட்டியில் கொட்டினாராம். விசாரணையக்கா அன்று வீட்டுக்குப் போகும் வழியில் தனியாகச் சிரித்துக்கொண்டே போனாள். பின்னே, இத்தனை வருஷத்தில் அவள் சொன்ன தகவலை ஒருத்தர் முழுமனதாக நம்பியது அதுதான் முதல் தடவை.

மூன்று முறை டயாலிசிஸ் ஆனதும் தையல்காரர் எழுந்து நடந்தார், வீட்டுக்கும் போனார். இனி வெளியிலிருந்தே வந்து போகலாம் என்று நாள் குறித்துக் கொடுத்தார்கள். பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் தள்ளிப்போட்ட வரி அங்கேயேதான் கிடந்தது. மாடியில் சொல்லியிருப்பார்கள் என்று இவள் நினைத்தாள். கீழே தகவல் மையம் இருக்கிறதே, அங்கே சொல்லியிருப்பார்கள் என்று மாடியில் நினைத்தார்கள்.

அடுத்த வாரம் டயாலிசிஸ் பிரிவு நர்ஸ் வழியில் அவளை நிறுத்தினாள். "உங்க தையல்காரர் எங்கேக்கா? வர வேண்டிய நாள் எதுலயும் வரல."

அக்கா அங்கேயே நின்று தையல்காரரின் மனைவிக்குப் போன் போட்டாள்.

"மூணு தடவை முடிஞ்சிருச்சேக்கா," என்றாள் அவள், சந்தோஷமாக. "போதும்னுதான் அந்த டாக்டர் சொல்லியிருக்காரே. உங்களுக்கு வரலையா? இருங்க, அனுப்பறேன்."

வந்தது. முதல் எழுத்திலிருந்து அவள் எழுதியதுதான். நாலு கும்பிடும் கைகளும் பத்திரமாக இருந்தன. டாக்டருக்கு மட்டும் புதிதாக ஒரு போட்டோ கிடைத்திருந்தது: நரைத்த தலை, தங்க பிரேம் கண்ணாடி, கருணை பொங்கும் முகம். "பிழைத்துக்கொள்வார்" என்று அவள் நிறுத்திய இடத்தில் எந்தப் புண்ணியவானோ தொடர்ந்திருந்தான்: "மூன்றே முறை போதும். அதன்பின் சிறுநீரகம் தானாக விழித்துக்கொள்ளும். மேலும் செய்தால் அடிமையாகிவிடுவீர்கள்." எத்தனை தடவை என்று படிக்கிறவர்களுக்குக் கேள்வி வருமல்லவா. அவள் சொல்லாமல் விட்டதை யாரோ சொல்லிவிட்டான்.

போட்டது போட்டபடி கிளம்பினாள். தையற்கடை கீழே, வீடு மேலே. கடை பூட்டியிருந்தது. மேலே தையல்காரர் படுக்க முடியாமல் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. மூச்சு மேலும் கீழும் இழுத்தது. பக்கத்தில் அண்ணன்காரர், கையில் போன்.

"உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. நிறுத்தவே கூடாது. இந்தச் செய்தி தப்பு."

"யார் சொன்னது?" என்றார் அண்ணன்காரர். "எங்க எழுதியிருக்கு? மூணு தடவை போனான், எழுந்து நடந்தான். இப்ப விழிச்சுக்கற நேரம், அதான் உடம்பு கொஞ்சம் படுத்துது. அந்த டாக்டர் அன்னைக்குச் சொன்னது சரியா இருந்துச்சில்ல?"

"அப்படி ஒரு டாக்டரே கிடையாது சார். நான்தான் எழுதினேன். உங்களைச் சம்மதிக்கவைக்க."

அண்ணன்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு போட்டோவைப் பார்த்தார். போட்டோதான் ஜெயித்தது. "ஒரு நல்ல மனுஷரோட பெயரை எடுத்துக்கப் பார்க்காதீங்கம்மா," என்றார்.

தன் போனில் இருந்த முதல் வரைவை, அதன் தேதியோடு காட்டினாள். அவர் இரண்டு தடவை படித்தார். அவர் முகம் சின்னப் பிள்ளையின் முகம் மாதிரி ஆகிவிட்டது. கதவோரம் நின்ற மனைவிதான் கேட்டாள்.

"அப்ப அன்னைக்கு நீங்க சொன்னது பொய்யாக்கா?"

"விஷயம் உண்மை. சொன்ன ஆள்தான் பொய்."

"இன்னைக்குச் சொல்றது?"

காலமெல்லாம் விசாரணையக்கா மற்றவர்களைக் கேட்கச் சொன்ன கேள்வி. கேட்டவள் தன் புருஷனின் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். பதிலுக்குக் காட்ட ஒரு கையேடு கூட எடுத்து வரவில்லை.

"எத்தனை தடவை?"

குரல் நாற்காலியிலிருந்து வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். தையல்காரர் மூச்சு வாங்கி மறுபடி கேட்டார். "நீங்க மூணு பேரும்தான் பேசிக்கறீங்க. ரத்தம் என்னுது. எத்தனை தடவை படுக்கணும் நான்?"

அவள் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். சொன்னாள். கிட்னி திரும்பாது என்பதை, வாரத்துக்கு மூன்று நாள் என்பதை, மாற்றுக் கிட்னி கிடைத்தால் விடுதலை, கிடைக்காவிட்டால் உயிர் இருக்கும்வரை என்பதை. மெஷின் அவரைக் குணப்படுத்தாது, உயிரோடு வைத்திருக்கும், அவ்வளவுதான் என்பதையும் சொன்னாள். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன்காரர் போனைக் கவிழ்த்துவைத்தார்.

தையல்காரர் வீங்கின கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை முதல்லயே ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க வரமாட்டீங்கன்னு..."

"நானா? நான் வரமாட்டேன்னு யாரும்மா சொன்னது உங்ககிட்ட?"

யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கையேட்டை அண்ணனுக்கு விரித்தாள், மனைவியைத் திருப்பிச் சொல்லவைத்தாள், லிஃப்ட்காரர் வரைக்கும் போனாள். மூன்றாவது மாடியில் படுத்திருந்த இந்த மனிதரிடம் ஒரு வார்த்தை பேச அவளுக்குத் தோன்றவே இல்லை. வாசலில் எழுதியிருந்ததோ நோயாளர் நலம். அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் இந்த வீட்டில் யார் நம்புவார்கள் என்று அடக்கிக்கொண்டாள்.

"சட்டையைக் குடு," என்றார் அவர் மனைவியிடம். "வண்டியை எடுண்ணே." பிறகு நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல எழுந்து, இவள் பக்கம் பார்த்தார். "நீங்க என்கூட உக்காருங்க. போற வழியில மீதியையும் சொல்லுங்க. நல்லதா மட்டும் பொறுக்கி எடுக்காதீங்க."