அஞ்சலோவின் சுவரொட்டியில் ஆடு

இன்னொரு தரம் தாள் வீணானால் வேலைக்கு வர வேண்டாம் என்று அச்சுக்கடைக்கார லாபிர் நானா போன கிழமைதான் சொல்லியிருந்தார். அதனால் அன்று காலை மீன்சந்தைச் சுவரைப் பார்த்ததும் ரிஸ்லாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"மீனவர் சங்கத் தலைவராக அஞ்சலோவைத் தெரிவுசெய்வோம்" என்று பெரிய எழுத்து. அதற்கு மேலே ஓர் ஆடு. வெள்ளை ஆடு, ஒரு காது கறுப்பு, வாயில் முருங்கை இலை.

பக்கத்தில் சின்ன அறிவித்தல்: "காணவில்லை. பெருநாளுக்கு வாங்கியது. தாடி உண்டு. ஆட்களைக் கண்டால் முட்டும்." நடுவில் அஞ்சலோ அண்ணன், தலையைப் படிய வாரிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு விளங்கிவிட்டது. கடையின் இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே மென்பொருள்தான். ஒரு படத்தைத் திறந்தால், அது தற்காலிகப் பிரதி ஒன்றைப் பொதுவான ஃபோல்டரில் போட்டுவைக்கும். இரண்டு மெஷினும் ஒரே பெயரில்தான் போடும். பிந்திப் போட்ட படம் முந்தியதை விழுங்கிவிடும். ரிஸ்லா இதைக் கண்டுபிடித்துக் கம்பனிக்கு மின்னஞ்சல்கூட அனுப்பியிருந்தாள். "பாதுகாப்புக் குறைபாடுதான், ஆனால் ஆபத்துக் குறைவு. புதிய அப்டேட்டில் திருத்திவிட்டோம்" என்று பதில் வந்தது.

"குறைவெண்டு அவங்களே சொல்றாங்க. சும்மா டேட்டாவ முடிக்காத" என்று லாபிர் நானா கதையை முடித்துவிட்டார்.

நேற்று அவர் அஞ்சலோவின் சுவரொட்டியை அச்சுக்கு அனுப்புகிற அதே நேரத்தில் அவள் ஆட்டின் படத்தைத் திறந்தாள். பிறகு துணிப் பெனர் செய்ய அவர் அஞ்சலோவின் படத்தைத் திறக்க, அவள் ஆட்டு அறிவித்தலை அனுப்பினாள். பிரிண்டர் தாளைக் குப்புறத்தான் தள்ளும். இருவரும் திருப்பிப் பார்க்காமல் சுருட்டிக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

அவள் கடைக்குப் போய்ச் சேர, அஞ்சலோ அண்ணன் வாசலில் நின்றார். கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் அதே ஆடு.

"என்ன கூத்து இது, லாபிர்? கப்பல்துறையில இருந்து ஒருத்தன் ஓட்டோவில ஏத்தி வந்து, 'உங்கட ஆடு, ஐயா' எண்டு தந்திட்டுப் போறான்!"

"ஒட்டேக்க உங்கட ஆக்கள் பாக்கேல்லையா?"

"சின்னம் எண்டு நினைச்சாங்களாம்! சங்கத் தேர்தல்ல எவன் சின்னம் வச்சவன்?"

லாபிர் நானா ரிஸ்லாவைப் பார்த்தார்.

"நானா, அந்த அப்டேட்..."

"பேக்க எடு" என்று அவரே அவளுடைய பையை எடுத்து நீட்டினார்.

அந்த நேரம் ஆட்டின் சொந்தக்காரர் முஹம்மது தம்பி மாமா மூச்சிரைக்க ஓடிவந்து ஆட்டைக் கட்டிப்பிடித்தார். ஆடு அவரை முட்டியது.

"நீங்களா, மகன், புடிச்சுத் தந்தது? எங்கட தோணி ஆக்கள்ர வோட்டு முழுக்க உங்களுக்குத்தான். ஆனா ஒண்டு, உங்களையும் காணேல்லையெண்டு சுவரெல்லாம் ஒட்டியிருக்கு. வீட்டுக்கு ஒரு கோல் எடுங்க."

வீதியில் மீன் சைக்கிள்காரர் ஒருவர் மணியடித்துக் கத்தினார்: "ஆட்டுக்காரருக்கே எங்கட வோட்டு!"

அஞ்சலோ அண்ணன் சற்று யோசித்தார். சீப்பை எடுத்துத் தலையை வாரினார்.

"தங்கச்சி, அதே மாதிரி இன்னும் நூறு அடிக்க ஏலுமா?"

லாபிர் நானா பையைப் பழைய ஆணியிலேயே மாட்டினார்.

"ரிஸ்லா, தேர்தல் முடியுமட்டும் அந்த அப்டேட்டப் போட்டிராத. அந்தக் கோளாறு இல்லாட்டி இவருக்கு ஆடு வராது."

ஆட்டின் படத்தை நேரே சுவரொட்டியில் சேர்த்தாலே போதும் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். ஆணியில் ஆடிய பையைப் பார்த்தாள்.

"ஓம் நானா, கவனமா வச்சிருக்கிறன்" என்றாள்.