மூன்றாவது மைக்கில் என் தம்பி

…அப்பாவின் முகம்கூட ஞாபகமில்லையாம், இதைச் சொல்ல எப்படி வாய் வந்தது இவனுக்கு, போன ஞாயிற்றுக்கிழமைதானே அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து மூன்று தட்டு மக்ரோனி தின்றான், அப்பா தன் தட்டில் இருந்த கோழித் துண்டைக்கூட எடுத்து இவனுக்குத்தான் வைத்தார், எனக்கு வைக்கவில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்... பச்சை விழுந்துவிட்டது, பின்னால் ஒருவன் ஹாரன் அடிக்கிறான், போகிறேன் ராசா போகிறேன், நாற்பது அடி பஸ்ஸை இந்தச் சேற்றுப்பனியில் உன் காரைப் போல ஒடிக்க முடியுமா... விடியற்காலை டிப்போவில் வண்டியைச் சூடேற்றும்போதே பாதி கேட்டுவிட்டேன், ‘மூணாவது மைக்’ பாட்காஸ்டில் தம்பியின் ஒன்றே முக்கால் மணி நேரப் பேட்டி, அதில் நாற்பதாவது நிமிடத்தில் வருகிறது அது. “அப்பனா? எனக்கு ஆறு வயசுல போலீஸ் வந்து கூட்டிட்டுப் போச்சு. அதோட சரி. மூஞ்சிகூட ஞாபகமில்ல.” சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு. பேட்டி எடுக்கும் இருவரையும் எட்டு வருடமாகக் கேட்கிறேன், அவர்கள் ஒரு விருந்தாளிக்கு நன்றி சொன்னது இதுதான் முதல் தடவை. ராப் பாடுவதற்கு செல் நைன் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறான் என் தம்பி ஆர்லன், ஒன்பதாம் நம்பர் சிறையறையாம், ஜெயிலை வெளியே இருந்துகூடச் சரியாகப் பார்த்தவன் இல்லை, ஏழாம் வகுப்பில் டீச்சர் அரைமணி நேரம் பள்ளியில் நிறுத்திவைத்ததற்கு வீட்டுக்கு வந்து தேம்பித் தேம்பி அழுதவன்.

அப்பாவைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனதாம்... முப்பத்திநாலு வருடம் மில்வாக்கியின் வடக்குத் தெருக்களில் தபால் கொடுத்தவர், இரண்டு முழங்காலும் அங்கேயே போயிற்று, நாய் கடித்த அன்றுகூட மிச்சக் கடிதங்களைக் கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அவருக்கு இதைத் திறந்து கேட்கத் தெரியாது, அந்தமட்டுக்கு நல்லது என்று நினைத்தேன், ஏழு மணிக்கு, டிப்போவை விட்டுக் கிளம்பும்போது, அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி. “வெர்னிட்டா, தம்பி ஏதோ பெரிய நிகழ்ச்சியில பேசியிருக்கானாமே. எனக்கு இந்த போன்ல வரமாட்டேங்குது. நீ வேலை முடிஞ்சு வந்து போட்டுக் காட்டும்மா. சர்ச்சுலேர்ந்து ஹாலோவேயையும் அவன் சம்சாரத்தையும் கூப்பிட்டிருக்கேன், மீன் வறுக்கறேன். எல்லாரும் சேந்து கேக்கலாம்.” எல்லாரும் சேர்ந்து... மீன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாற்பதாவது நிமிடத்தைக் கேட்பார்களா? அந்த இடத்தைத் தாண்டி ஓட்டிவிடலாமா, போன் கெட்டுவிட்டது என்று சொல்லலாமா? நாளைக்கு அந்த ஹாலோவேயின் பேத்தி சொல்லிவிட மாட்டாளா? அதற்கு நான் என்ன செய்வது?

பின் இருக்கையில் இரண்டு பேர் ஏறியது முதல் அதே பேச்சு. ஒருவன் கழுத்தில் ஹெட்போன், இன்னொருத்தி ஆஸ்பத்திரி உதவியாளர் உடுப்பில், சொந்தக்காரர்களாக இருக்க வேண்டும், இவ்வளவு உரிமையோடு வேறு யாரும் திட்டிக்கொள்ள மாட்டார்கள். “டேய், போன வாரம் இதே மைக்குல அந்த வெள்ளைக்காரன் வந்து என்ன சொன்னான்? கறுப்பனோட கஷ்டம்தான் ராப்பு, கஷ்டம் இல்லாத கறுப்பன்கிட்ட பாட்டு இல்லன்னான். அப்ப குதிச்சியே?” “குதிக்காம? பாட்டுக் கம்பெனிக்காரன், நம்மள வித்துத் தின்றவன். அவன் யாரு அதச் சொல்ல?” “சரி. இந்த வாரம் செல் நைன் வந்து அதையேதான சொல்றான்? அப்பன் ஜெயில்ல, துப்பாக்கி தலகாணிக்கடியில. இதுக்கு மட்டும் அழுவுற.” “அவன் அனுபவிச்சவன்டி. அனுபவிச்சவன் சொன்னா அது வேற.” “எல்லாரும் அதையேவா அனுபவிக்கறான்? எவனாச்சும் ஒருத்தன் அந்த மைக்குல உக்காந்து, எங்கப்பா எனக்கு சைக்கிள் விடச் சொல்லிக் குடுத்தாருன்னு சொல்லட்டுமே பாப்போம்.” “சொன்னா எவன்டி கேப்பான்? சொல்லு, நீ கேப்பியா?” கண்ணாடியில் பார்த்தேன், அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம் அவன் குரலைத் தாழ்த்தி, “எங்கப்பன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது. காலையில அதக் கேட்டப்ப, நான் ஒருத்தன் மட்டும் இல்லன்னு இருந்துச்சு. அவ்ளோதான்” என்றான். இவனிடம் போய், தம்பி, அது பொய், அந்த அப்பன் இப்போது சந்தையில் மீன் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றா சொல்வது?

அனுபவித்தவனாம்... யார் அவனை அனுபவிக்க வைத்தது என்று எனக்கல்லவா தெரியும். ‘மூணாவது மைக்’ ரசிகர் குழுவுக்கு எட்டு வருடமாக நான்தான் காவல், யார் எதைப் போடலாம் என்று பார்த்து விடுபவள், நாற்பதாயிரம் பேர், இரண்டு மைக் நடத்துகிறவர்களுக்கு, மூன்றாவது விருந்தாளிக்கு, ஒவ்வொரு விருந்தாளி வந்துபோன பிறகும் அசலா வேஷமா என்று ஓட்டுப் போடுவோம், அதில் வேஷம் என்று விழுந்தவன் மறுபடி தலைதூக்க ஆறு மாதமாகும். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஆர்லன் தன் முதல் பாட்டுகளைக் குழுவில் போட்டான், அப்போது சொந்தப் பெயர்தான், அப்பாவின் தோல்பை, மழையில் நனையாமல் அவர் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவரும் கிழவிகளின் பென்ஷன் கடிதம், முழங்காலுக்கு அம்மா வைத்த ஒத்தடம்... கேட்டுவிட்டு டிப்போவின் கழிப்பறையில் அழுதேன். ஆனால் காவல்காரி சொந்தத் தம்பியைப் புகழக்கூடாது, அது எங்கள் குழுவின் வழக்கம், போதாததற்கு நான் அவன் அக்கா என்று யாருக்காவது தெரிந்துவிட்டால் என்ற பயம் வேறு, நியாயமானவள் என்ற பெயர் எனக்கு அவ்வளவு இனித்தது. அதனால் வேறொரு பெயரில் நானே எழுதினேன், நல்ல பையன், நல்ல உச்சரிப்பு, ஆனால் ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பிப்பது போலிருக்கிறது, இதில் கறுப்பு எங்கே, வலி எங்கே என்று. இரண்டாயிரம் பேர் அதற்கு ஆமாம் போட்டார்கள். அன்று சாயங்காலம் அடுப்படிக்கு வந்தான். “வலி எங்கேன்னு கேக்கறான்க்கா ஒருத்தன்.” அப்போதாவது சொல்லியிருக்கலாமே, அது நான்தான்டா, மடத்தனமாக எழுதிவிட்டேன், உன் பாட்டைக் கேட்டு அழுதேன் என்று... “நாலு பேர் சொன்னா அதுல ஏதாவது இருக்கும்டா” என்றேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னேன், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூன்று மாதம் கழித்துப் புதுப்பெயரோடு வந்தான், தொண்டையை மாற்றிக்கொண்டு, எல்லாருக்கும் பிடித்தது, விருந்தாளிக்கு வைப்பது போலவே அவனுக்கும் ஓட்டு வைத்தோம், தொண்ணூறு சதவீதம் அசல். பாவி, நானும் அசல் என்றுதான் போட்டேன்.

கடைசி நிறுத்தம். எல்லாரும் இறங்குகிறார்கள், அந்தப் பெண் இறங்கும்போது, “பாத்துப் போங்கக்கா, பாலத்துல வழுக்குது” என்றாள், நல்ல பிள்ளை. பதினோரு நிமிடம் ஓய்வு, ஓட்டும்போது போனைத் தொட்டால் சீட்டுக் கிழித்துவிடுவார்கள், அதனால் இப்போதுதான் எடுத்தேன், குழுவில் ஆயிரத்துச் சொச்சம் பதிவுகள், எங்கள் எல்லார் அப்பன் கதையும் இதுதான், அழுதுவிட்டேன், நன்றி சகோதரா, போன வார வெள்ளைக்காரனுக்குச் செருப்படி... அதற்கு நடுவே என் அனுமதிக்காக ஒன்று காத்திருந்தது. மனிதர்களின் படம் போட்டால் நான் பார்த்துவிட்டுத்தான் விடவேண்டும், அந்த விதியைக் கொண்டுவந்ததும் நான்தான். கினார்ட் என்று ஒருவன், ஓக்லி தெருக்காரனாம். “இவர்தான் செல் நைனோட அப்பா, யூஜின் ப்ரூவர். முப்பது வருஷம் எங்க வீட்டுக்குத் தபால் கொண்டுவந்தவர். எங்கம்மா படுத்த படுக்கையா இருந்தப்ப மருந்துப் பொட்டலத்த மாடி ஏறி வந்து கையில குடுப்பார். இந்த மனுஷன் எந்த ஜெயிலுக்கும் போகல. யாருக்காவது வெக்கம் இருக்கா?” கீழே படம். தபால்காரர் உடுப்பில் அப்பா, அரைக்கால்சட்டை, தொப்பி, தோளில் பை, அந்தப் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு வயது ஆர்லன், இருவரும் கண்ணைச் சுருக்கி வெயிலில் சிரிக்கிறார்கள்.

இந்தப் படத்தை வெளியே விட்டால் ஆர்லன் தொலைந்தான், சாயங்காலத்துக்குள் வேஷம் வேஷம் என்று நாற்பதாயிரம் பேரும் கிழித்துத் தொங்கப்போடுவார்கள், அவனுக்கு வேறு என்ன தெரியும், எங்கே போவான், முப்பத்தொரு வயதில்... அந்த ஹெட்போன் பையன் வேறு இன்று ஒரு நாளாவது தனியாக இல்லை என்று நினைத்துக்கொண்டு போகிறான். நீக்கினால் அப்பா இல்லை, அவ்வளவுதான், அவர் பிள்ளை வாயால் அழித்தான், பெண் விரலால் அழித்தாள் என்று ஆகும், பிறகு அதே கையால் மீன் தட்டை வாங்கிக்கொண்டு, நல்லா பேசியிருக்கான்ப்பா என்று சொல்லவேண்டும். எது குறைந்த பாவம் என்று யாரைக் கேட்பது? கண்ணாடியைத் தட்டுகிறார்கள், புதிதாக நாலைந்து பேர், குளிரில் குதித்துக்கொண்டு, “அம்மா தாயே, கதவத் திறயேன், மூக்கு உதிர்ந்துரும் போல இருக்கு!” இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அப்பாவின் முகம் திரை முழுக்க வந்தது, வியர்வை, ஒழுங்காக வெட்டிய மீசை, ஒரு குறையும் இல்லாத சிரிப்பு. விடவும் இல்லை, நீக்கவும் இல்லை, போனைப் பைக்குள் போட்டுக் கதவைத் திறந்துவிட்டேன், அவர்கள் ஏறுகிறார்கள், பயண அட்டையை இயந்திரத்தில் தட்டுகிறார்கள், ஒருத்தர் குளிர்ந்த கையால் என் தோளைத் தொட்டு நன்றி சொல்கிறார்... ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த உடனே, ஆர்லனை நினைப்பதற்கு முன்பே, எனக்கு முதலில் தோன்றியது, இதை யார் நம்புவார்கள் என்பதுதான். அவருடைய பெண் நான், நாற்பத்து மூன்று வருடம் அவர் வீட்டில் சாப்பிட்டவள், எனக்கே அந்தச் சிரிப்பு வேஷம் போலத் தோன்றியது.