குடை போட்ட துண்டு

தையல்காரம்மாவுக்கு வயிறு எரிந்தது. லேசாக இல்லை, பற்றிக்கொண்டு எரிந்தது.

சர்ச் நடத்தும் பாலர் பள்ளியில் இருபத்திரண்டு வாண்டுகள், எல்லாம் பின்னாலிருக்கும் தகரக்கூரை வீட்டுப் பிள்ளைகள். எழுத்து தெரியாத வயசு என்பதால் ஆளுக்கொரு படம்: ஒன்றுக்கு மீன், ஒன்றுக்குச் சாவி, ஒன்றுக்குக் குடை. கை துடைக்கிற துண்டில் அந்தப் படத்தை நூலால் தைத்துக் கொடுப்பது நாலு வருஷமாகத் தையல்காரம்மாதான். காசு வாங்கியதில்லை. 'தையல் அத்தை' என்று காலைக் கட்டிக்கொள்ளுமே, அதுதான் கூலி.

அதில்தான் மண் விழுந்தது. சர்ச்சுக்குப் புதுசாக வந்த மருந்துக்கடைக்காரம்மா, மறுமாசமே இருபத்திரண்டு புதுத் துண்டோடு வந்து நின்றாள். அதே மீன், அதே சாவி, அதே குடை, பளபளவென்று அச்சடித்து! பொறுப்பாளர் சிஸ்டர் உருகிப்போனார். வெள்ளிக்கிழமை சாயங்காலமே புதுசை மாட்டினார்; பழையதெல்லாம் தரை துடைக்கப் போயிற்று.

"நல்லாத்தான் இருக்கு சிஸ்டர்," என்றாள் தையல்காரம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு.

சனிக்கிழமை பள்ளியைப் பெருக்க வந்தவள், பள்ளிச் சாவி கையிலிருந்த தைரியத்தில், கொக்கிகளில் தொங்கிய துண்டுகளையெல்லாம் இடம் மாற்றி மாட்டினாள். பிள்ளைகள் தவிக்கட்டும், மினுக்குத் துண்டின் லட்சணம் எல்லோருக்கும் தெரியட்டும்!

திங்கட்கிழமை வேடிக்கை பார்க்க வந்து நின்றாள். யாரும் தவிக்கவில்லை. படத்தைப் பார்த்தார்கள், எடுத்தார்கள், துடைத்தார்கள். அப்படிப் பழக்கிவிட்டவளே இவள்தானே!

ஒருத்தி மட்டும் மாட்டிக்கொண்டாள். மிளகு என்று எல்லோரும் கூப்பிடும் நாலு வயசுச் சுட்டி. எப்போதும்போல மூன்றாவது கொக்கிக்குப் போய்க் கையை விட்டாள். வந்தது மீன். "திருடி! என் துண்டு!" என்று ஒரு பையன் கத்தினான்.

"ஒழுங்காத்தானே மாட்டியிருந்தேன்? நீதான் எல்லாத்தையும் மாத்தி வெச்சியா?" என்று சிஸ்டர் அதட்டினார்.

மிளகு காதிலேயே வாங்கவில்லை. துண்டின் மூலையை விரலால் தேய்த்துத் தேய்த்துத் தேடினாள். "என் குடையைக் காணோம்..."

தையல்காரம்மாவுக்குப் பகீரென்றது. பிள்ளை தேடுவது நூலை! கண் சரியாகத் தெரியாமல், இத்தனை நாளும் தடவிப் பார்த்தே எடுத்திருக்கிறாள்.

வாயை மூடிக்கொண்டால் தப்பிக்கலாம். எதிரே, தன் துண்டுகளைப் பார்க்க வந்த மருந்துக்கடைக்காரம்மா வேறு நிற்கிறாள். போயும் போயும் இவள் முன்னாலா!

"அவளைத் திட்டாதீங்க சிஸ்டர். மாத்தினது நான்தான். பொறாமை, வேறென்ன!" சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "பிள்ளைக்குக் கண்ணு சரியாத் தெரியல. நூலைத் தடவித்தான் இவ்வளவு நாளா எடுத்திருக்கா."

"இன்னிக்கே கண் டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போறேன்," என்றாள் மருந்துக்கடைக்காரம்மா. அதற்கும் அவளே முந்திக்கொண்டாள்!

சிஸ்டர் சாவியைத் திருப்பித் தரவில்லை. புதுத் துண்டுகளை அவளிடம் கொடுத்து, படத்தின்மேல் நூல் ஓட்டச் சொன்னார். பத்து நாள் கழித்து அதைத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். மிளகு கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள், மருந்துக்கடைக்காரம்மாவின் கையைப் பிடித்தபடி. மறுபடி அதே எரிச்சல்.

மிளகு ஒவ்வொரு முகமாக வேடிக்கை பார்த்தாள். தையல்காரம்மாவின் முகத்தையும் பார்த்தாள். யாரோ எவரோ என்று தாண்டிப் போனாள்.

தையல்காரம்மா கூப்பிடவில்லை, கையை மட்டும் நீட்டினாள். மிளகு அந்த விரலைப் பிடித்தாள். ஊசி குத்திக் காய்த்துப்போன நுனியைத் தேய்த்துப் பார்த்தாள்.

"தையல் அத்தை! நீ இப்படியா இருப்ப?" என்று காலைக் கட்டிக்கொண்டாள்.

மருந்துக்கடைக்காரம்மாவின் முகம் லேசாகச் சுருங்கியது. பாவம், அது எப்படி எரியும் என்று தையல்காரம்மாவுக்குத் தெரியாதா என்ன!