தையல்காரியின் மின்னோட்டம்

மார்ச் மாதம் ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மாலை, தையல்காரி தன் தையல் இயந்திரத்தின் பலகைமேல் இயற்பியல் மாதிரி வினாத்தாளை விரித்து வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். மறுநாள் காலை தேர்வு. பள்ளி ஆய்வகத்தில் காலியாக இருந்த ஒரே உதவியாளர் பணிக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். அவளுடைய நாத்தனாரும் விண்ணப்பித்திருந்தாள். வயது வரம்பின்படி தையல்காரிக்கு இதுவே கடைசி வாய்ப்பு.

பன்னிரண்டு வோல்ட் மின்கலம் ஒன்று. அதனுடன் தொடராக இணைக்கப்பட்ட இரண்டு ஓம், நான்கு ஓம் மின்தடைகள். முதல் தடையில் ஓடும் மின்னோட்டம் இரண்டு ஆம்பியர் என்று சரியாகவே எழுதியவள், அடுத்ததில் ஒன்று என்று எழுதினாள்.

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "மிச்சம் ஒரு ஆம்பியர் எங்க போச்சு அண்ணி?"

"முதல் தடை தின்னுடுச்சு. தைக்கத் தைக்க நூல்கண்டு கரையலையா, அது மாதிரி."

"எல்லாக் கணக்கையும் இப்படித்தான் போட்டீங்களா?"

"ஆமா."

"கிழிஞ்சது போங்க!"

தலையில் கை வைத்துக்கொண்டவள், சற்று யோசித்து, இயந்திரத்தின் சக்கரத்தைச் சுழற்றினாள். "நூலை விடுங்க. இந்த பெல்ட்டைப் பாருங்க. மேல ஓடும்போது ஒரு வேகம், கீழ ஓடும்போது ஒரு வேகமா?"

"ஒரே பெல்ட்டுடி, அது எப்படி..." என்றவள் நிறுத்தினாள். பெல்ட் எங்கேயும் குறையவில்லை. மிதிப்பவளின் உழைப்புத்தான் செலவாகிறது. தையல்காரி ஒன்று என்பதை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினாள். வோல்ட்டைப் பங்கிட்டாள்: நான்கு, எட்டு. கூட்டினால் பன்னிரண்டு. கணக்கு பிசிறில்லாமல் வந்து பொருந்தியது.

"ஏண்டி, நான் தப்பாவே எழுதியிருந்தா வேலை உனக்குத்தானே?"

"எனக்குத்தான். அப்புறம் தினம் காலையில உங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

நன்றி சொல்ல வாயெடுத்த தையல்காரி, "நீ நாளைக்குப் போடுற சட்டையில ஒரு பொத்தான் ஆடுதே, கொண்டா" என்றாள். அந்தப் பொத்தானை வழக்கத்தைவிட இரு மடங்கு நூலிட்டு அழுத்தித் தைத்தாள்.

தேர்வில் தொடர் இணைப்புக் கணக்குகளே அதிகம் வந்தன. தையல்காரி ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. நாத்தனாரைச் சிறிது முந்தினாள். பள்ளி நிர்வாகம் அவளையே பணியில் அமர்த்துவதென முடிவு செய்தது. அடுத்த ஆண்டு காலியாகும் இடத்துக்கு நாத்தனார் மீண்டும் தேர்வெழுதுவதென்றும், அதுவரை அவள் படிக்க நேரம் கிடைக்கும்படி அவளுடைய முறைச் சமையலையும் தையல்காரியே ஏற்பதென்றும் வீட்டில் முடிவாயிற்று.