தகரப் பெட்டியும் கைவைத்த நாற்காலியும்

நாற்காலியின் முதல் கால் வந்த காலையில் அந்த வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துணி மடிக்கும் அக்கா, லாரி ஓட்டும் தம்பி, தம்பியின் மனைவி, ஓய்வுபெற்ற தபால்காரரான சித்தப்பா. வேறு யாரும் இல்லை. கால் ஜன்னலுக்குக் கீழே, முழங்கால் உயரத்தில், வார்னிஷ் வாசனையோடு நேராக நின்றது. தள்ளினால் சாயவில்லை. தம்பி மனைவி அதைச் சுற்றிப் பெருக்கினாள். "நீங்க ஒத்தக் கால்ல நின்னீங்கக்கா, அதுவும் ஒத்தக் கால்ல வந்து நிக்குது" என்றாள்.

அக்கா நின்றது உண்மைதான். இருபத்திரண்டு வருடமாக நின்றபடியே படுக்கை விரிப்புகளை மடித்ததில், கணுக்காலுக்குக் கீழே அவளுக்கு எதுவும் உறைப்பதில்லை, மேலேயும் அதிகமில்லை. தம்பியின் படிப்பு, கல்யாணம், வீட்டுக் கூரை எல்லாம் அந்தச் சம்பளத்தில் நடந்தவை. தனக்கென்று வாங்கியது ஒரு கைப்பை, ஒரு குடை. இரண்டையும் பாதி விலை சொல்லியே வீட்டுக்குள் கொண்டுவந்தாள். அப்படியும் நெஞ்சு உறுத்தியது. உறுத்தல் தீர மற்ற மூவருக்கும் ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்தாள். அந்தக் கணக்கில் ஒரு குடைக்கு நான்கு குடை விலை ஆனது. எனவே நாற்காலி என்று வந்தபோது முதலில் கடையில் விலை கேட்டாள். நாலாயிரத்து இருநூறு. பிறகு மாதச் செலவை ஒரு தாளில் எழுதி அடுக்களைச் சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டினாள்: மின்கட்டணம், அரிசி, பஸ், சித்தப்பாவின் மாத்திரை. கடைசி வரி: நாற்காலி, எனக்கு, முந்நூறு.

தம்பி அதை இரண்டு முறை படித்தான்.

"யாருக்குக்கா?"

"எனக்குடா."

"இப்ப எதுக்கு?"

"உக்கார."

முந்நூறைத் தகரப் பெட்டியில் போட்டாள். மறுநாள்தான் கால் வந்தது. நான்கு மாதத்தில் நான்கு கால், ஐந்தாம் மாதம் பலகை. ஆறாம் மாதம் தம்பி மனைவிக்குக் கடைவாய்ப் பல் வீங்கியது. அக்கா பெட்டியிலிருந்து முந்நூறு எடுத்தாள், பலகை மறைந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதபோது, "பல்லு வலிக்கும்னு நான் எழுதி வைக்கல. அது என் தப்பு, உன் பல்லு தப்பு இல்ல" என்று சொல்லிவிட்டு, தாளில் 'எதிர்பாராதது, ஐம்பது' என்று ஒரு வரி சேர்த்து, நாற்காலியை இருநூற்றைம்பதாகக் குறைத்தாள். அதன்பின் சித்தப்பாவின் கண்ணாடி உடைந்தது, கூரை ஒழுகியது; அந்தச் செலவெல்லாம் ஐம்பதுகளோடு போயிற்று, பெட்டியில் யாரும் கை வைக்கவில்லை. நாற்காலி மெதுவாக வந்தது, ஆனால் பின்வாங்கவில்லை. பலகை, முதுகு, இடது கை, வலது கை. முழுப் பணம் சேரும்வரை அதில் யாரும் உட்காரவில்லை. சித்தப்பா செய்தித்தாளைக்கூட வைக்கவில்லை. அந்தக் குடும்பத்தின் ஒழுங்கு அப்படி.

பதினெட்டாம் மாதம் மெத்தையும் வந்து நாற்காலி முழுமையானது. அக்கா பெட்டியைக் கவிழ்த்து எண்ணிக்கொண்டிருந்தபோது தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அதான் நாற்காலியே வந்துடுச்சேக்கா. பணத்த வேற குடுக்கணுமா? லாரிக்கு ரெண்டு டயர் போட்டுக்கறேனே" என்றான். அக்கா எண்ணுவதை நிறுத்தினாள். அந்த டயர்கள் வழவழவென்று தேய்ந்திருப்பது அவளுக்குத் தெரியும். மறுத்தால் பழைய உறுத்தல் வரும் என்றும் தெரியும். எழுந்துபோய்த் தாளில் 'டயர், தம்பிக்கு, இருநூற்றைம்பது' என்று எழுதினாள். "உனக்கும் வரும். மாசாமாசம் வரும். இது எனக்கு" என்றாள். சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குடுக்காம உக்காந்தா அதுக்குப் பேரு வேறம்மா, போய்க் குடுத்துட்டு வா" என்றார்.

கடைக்காரர் வியப்புக் காட்டவில்லை. ஒன்றரை வருடமாகத் தன் கடையில் ஒரு நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போனதையும், நடுவில் ஒரு மாதம் பலகை திரும்பி வந்ததையும், தான் அதைத் துடைத்து வைத்ததையும், மறுமாதம் அது மறுபடி போனதையும் சொன்னார். "மூணு கால் நாற்காலிய யாருங்க வாங்குவா? யாரோ சேர்த்துக்கிட்டிருக்காங்கன்னு விட்டுட்டேன்" என்றார். கடைசி இருநூறைத் தள்ளுபடி செய்வதாகச் சொன்னார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

அன்று மாலை அக்கா உட்கார்ந்தாள். வழக்கமாக உறுத்தல் வருகிற நேரம் வந்தது, போனது. உறுத்தல் வரவில்லை. மகிழ்ச்சியும் வந்ததாகச் சொல்வதற்கில்லை. விளக்கு ஏற்றும்வரை உட்கார்ந்திருந்தாள், யாரும் எதுக்கு என்று கேட்கவில்லை. மறுமாதம் வாசல் ஓரத்தில் டயரின் ஒரு துண்டு வந்து கிடந்தது. தம்பி மனைவி அதையும் சுற்றிப் பெருக்கினாள்.

நாற்காலி தவணைக்கு வாங்கப்பட்டது என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது தவறு. அந்தக் குடும்பத்தில் யாரும் எதையும் தவணைக்கு வாங்கியதில்லை. நாற்காலிதான் தவணையில் வந்தது. பணம் ஒரே நாளில், முழுதாகக் கொடுக்கப்பட்டது.