கண் வராத புயல்

தபால் கப்பல் இந்த முறை வீட்டுக்கு ஆறு பலகை என்ற கணக்கில்தான் பிளைவுட்டை இறக்கிவிட்டுப் போயிருந்தது. வெர்னிதாவின் வீட்டில் பதினோரு ஜன்னல்கள். அவள் கணவன் ஹெஸ்ரன் ஆறு பலகைகளையும் வடக்கிலும் பின்பக்கத்திலும் முடுக்கினான். புயல் முதலில் வடகிழக்கிலிருந்துதான் அடிக்கும். மேற்கே கடலைப் பார்த்த முன்பக்க ஜன்னல்கள் ஐந்தும் வெறுமனே நின்றன. கடைசி ஸ்க்ரூவை முடுக்கிய கையோடு ஏணி சரிந்தது. கீழே விழுந்தவனின் வலது தொடை எலும்பு முறிந்துபோனது.

கிளினிக் நர்ஸ் இரண்டு மரச்சட்டங்களை வைத்து இடுப்பு முதல் கணுக்கால் வரை கட்டினாள். தலைநகர் நசாவுக்குப் போகும் விமானம் நின்றுவிட்டது, புயல் தாண்டும்வரை ஆளை அசைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். வெர்னிதா முன்னறையில் தரையிலேயே ஒடுக்கமான பஞ்சு மெத்தையைப் போட்டு அவனைக் கிடத்தினாள். காற்றுக்கு மறைவான அறை அதுதான்.

மறுநாள் காலை குடாவில் தண்ணீரே இல்லை. காற்று கடலை மேற்கே தள்ளிக்கொண்டு போயிருந்தது. பாசி படிந்த தரை அரை மைல் தூரத்துக்கு, யாரோ போர்வையை உருவிவிட்ட படுக்கைபோல, வெட்கத்துடன் கிடந்தது. மேட்டிலிருந்த சர்ச்சுக்குப் போகிற வழியில் பக்கத்து வீட்டு மிஸ் க்ளியோமி ஜன்னலருகே வந்து நின்றாள்.

"சர்ச்சுல இடம் இருக்கு ஹெஸ்ரன். நாலு பேரைக் கூட்டிட்டு வரேன். கதவைக் கழட்டி, அதுல வச்சுத் தூக்கிட்டுப் போயிடலாம்."

"என்னைத் தூக்க நாலு பேர் பத்தாது மிஸ் க்ளியோமி. பாதி வழியில போட்டுட்டு, ஆண்டவர் சித்தம்னு சொல்லிடுவீங்க."

"எலும்பு முறிஞ்சதுக்குப் பதிலா அந்த நாக்கு முறிஞ்சிருக்கலாம்."

"வீட்டை நான் கட்டினேன். இது நிக்கும்."

மிஸ் க்ளியோமி வெர்னிதாவைப் பார்த்தாள். போகலாம் என்று இரவு முழுக்க வெர்னிதா சொல்லிப் பார்த்தாகிவிட்டது.

ஹெஸ்ரனிடம் ஒரு திட்டம் இருந்தது. அவனுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது அடித்த பெரும்புயலின் கண் சரியாக இந்தத் தீவின்மேல் வந்து நின்றது. காற்று செத்துப்போய், வானம் நீலமாகி, நாற்பது நிமிடம். அவன் அப்பா முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றார். பிறகுதான் காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. இந்த ஊரில் அந்த நாற்பது நிமிடக் கதையைக் கேட்டு வளராதவர்கள் கிடையாது.

"கண் வந்ததும் நீ பின்னால போ. பலகையைக் கழட்டு. கொண்டு வந்து முன்னால அடி. ஒரு பலகைக்கு ஆறு நிமிஷம் வச்சுக்கோ. ஸ்க்ரூ துப்பாக்கியை நேரா பிடிக்கணும், பெருக்குமாறு மாதிரி இல்ல."

"ஏணியில நேரா நிக்கத் தெரியாதவன் எனக்குச் சொல்லித் தர்றான்."

"கண் வரும் பொண்ணே. ரேடியோவுலயே சொல்லிட்டான், நம்ம தலைக்கு மேலதான்."

பத்து மணிக்கு ரேடியோ நின்றது. பதினொன்றுக்கு மிஸ் க்ளியோமியின் கூரைத் தகரம் ஒவ்வொன்றாகப் பிய்ந்து, சீட்டுக்கட்டை விசிறினாற்போலப் பறந்தது. வீட்டின் பின்சுவர் உள்ளே மூச்சிழுத்து வெளியே விடுவதை வெர்னிதா கண்ணால் பார்த்தாள். பலகைகள் தாங்கின. முன்னறையில் மட்டும், மறைவுப் பக்கம் கொஞ்சம் திறந்து வைக்கும் வழக்கப்படி கண்ணாடிப் பட்டைகளை விரல் அகலத்துக்குத் திறந்து வைத்திருந்தார்கள். திரைச்சீலை வெளியே உறிஞ்சப்பட்டு ஜன்னலோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரு மணிவாக்கில் அந்தத் திரைச்சீலை ஜன்னலை விட்டது. தளர்ந்து, நேராகத் தொங்கியது.

"கண்ணு!" ஹெஸ்ரன் கத்தினான். "வந்துடுச்சு! ஓடு!"

அவள் ஸ்க்ரூ துப்பாக்கியோடு பின்கதவைத் திறந்து வெளியே ஓடினாள். வானத்தில் நீலம் எங்கும் இல்லை. இரைச்சலும் குறையவில்லை. ஆனாலும் பின்சுவர் ஓரம் காற்று அடங்கியிருந்தது. அவன் சொன்னபடி முதல் பலகையைக் கழற்றினாள். அதைத் தலைமேல் பிடித்தபடி வீட்டின் மூலையைத் தாண்டினாள்.

அங்கே அவளுக்காகவே காத்திருந்ததுபோல் காற்று அடித்தது. பலகை அவள் விரல்களிலிருந்து பிடுங்கப்பட்டு, கூரைக்கு மேலே எழும்பி, ஒரு முறை புரண்டு, காணாமல் போனது. அவளுடைய இரண்டு விரல்களின் நகங்களும் அதோடு போயின. அவள் தரையில் தவழ்ந்துகொண்டே முன்னால் பார்த்தாள். காற்று நிற்கவே இல்லை. நிற்காமலே வடக்கைச் சுற்றித் திரும்பி, இப்போது மேற்கிலிருந்து அடித்தது. புயலின் கண் வேறு எங்கோ, யாருமில்லாத நீரின்மேல் போய்க்கொண்டிருந்தது. காலையில் ஓடிப்போன கடல் திரும்பி வந்துகொண்டிருந்தது. குடாவின் விளிம்பில் அது ஒரு வெள்ளைச் சுவராகத் தெரிந்தது.

பின்சுவருக்குத் தவழ்ந்து வந்தவள் ஹால் ஜன்னலின் பலகையை மட்டும் கழற்றினாள். ஒடுக்கமானது, ஆள் நீளம் இருக்கும். உள்ளே இழுத்துக்கொண்டு போனபோது முன்னறைக் கண்ணாடிகள் எல்லாம் உடைந்திருந்தன. ஹெஸ்ரனின் முகத்தில் ரத்தம். கதவடியில் தண்ணீர் நாக்கு நாக்காக நுழைந்தது.

"என்ன பலகை உள்ள வருது? முன்னால அடின்னேன்!"

"கண்ணு இல்ல ஹெஸ்ரன். வரல. வரவும் வராது."

அவன் வாயைத் திறந்து மூடினான். அவன் பேச்சற்றுப்போனதை இருபத்தோரு வருடத்தில் முதல்முறையாக அவள் பார்த்தாள். அதைச் சொல்லிக் கேலி செய்ய ஆசையாகக்கூட இருந்தது.

முற்றத்துக் கல்லடுப்பில் ரொட்டித் தட்டைத் துடுப்பால் தள்ளுவதுபோல, பலகையை மெத்தைக்கு அடியில் செருகினாள். அவன் அலறினான். அவள் நிறுத்தவில்லை. துணிக்கொடிக் கயிற்றை அறுத்து வந்து மெத்தை, பலகை, ஆள் மூன்றையும் சேர்த்துச் சுற்றிக் கட்டினாள். இழுத்துப் பார்த்தாள். ஒரு சாண் நகர்ந்தது. மறுபடி இழுத்தாள். நகரவில்லை. நூற்றுப் பத்து கிலோ. அவள் சுவரில் கால் முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்து, எந்தப் பிரார்த்தனையிலும் இல்லாத வார்த்தைகளைச் சொல்லி இழுத்தாள்.

அப்போது முன்கதவு உடைந்தது. தண்ணீர் முழங்கால் அளவுக்கு ஒரே வீச்சில் உள்ளே வந்தது. அவளால் அசைக்க முடியாதவனை அது ஒரு தொட்டிலைப்போலத் தூக்கியது. அவள் கயிற்றைப் பிடித்தபடி கூடவே ஓடினாள். ஹால், சமையலறை, பின்கதவு. கதவுச் சட்டத்தில் அவன் தோள் இடித்தது.

பின்னால் பத்தடி தூரத்தில் மழைநீர்த் தொட்டி இருந்தது. கல் சுவர், ஓரத்தில் ஐந்து படிகள். படியோரக் குழாயில் கயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டு அவள் முதல் படியில் நின்றாள். சிறிது நேரத்தில் இரண்டாம் படி. பிறகு மூன்றாம் படி. வீடு முன்னால் நின்று காற்றை மறைத்தது. ஆனால் கூரை ஏற்கெனவே ஒரு மூலையில் எழுந்து எழுந்து உட்கார்ந்தது.

"மேல ஏறு வெர்னிதா. தொட்டி மேல போய் ஒட்டிப் படு."

"நீ வாயை மூடிட்டுப் படு."

"இந்த அலை என்னைத் தூக்கி உன் மேலதான் அடிக்கும்."

"இருபத்தோரு வருஷமா அதைத்தானே செய்யுற."

அவன் சிரித்ததுபோல் இருந்தது. உப்புநீர் கண்களை மூடவைத்திருந்தது. வலது கை மட்டும் பலகையின் ஓரத்தில் ஏதோ செய்துகொண்டிருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். தச்சனின் விரல்கள் பார்க்காமலே வேலை தெரிந்தவை. குழாயோடு கட்டிய முடிச்சின் முதல் சுற்றை அவன் ஏற்கெனவே தளர்த்தியிருந்தான்.

அவள் அந்தக் கையை ஓங்கி அடித்தாள். முகத்திலும் அடித்தாள்.

"அந்த முடிச்சைத் தொட்ட, நானும் குதிப்பேன். சத்தியமா குதிப்பேன் ஹெஸ்ரன்."

"தண்ணி ஏறுது."

"இறங்குது."

"பொய் சொல்ற."

"நான்தானே பார்க்கிறேன். இறங்குது."

தண்ணீர் நாலாம் படியை மூடியது. அவள் தொட்டியின் மேல் விளிம்பில் மண்டியிட்டு, ஒரு கையால் முடிச்சையும் மறு கையால் அவன் சட்டைக் காலரையும் பிடித்துக்கொண்டாள். கூரை முழுதாகப் பெயர்ந்து அவர்கள் தலைக்கு மேலாகப் போனது. அதன் நிழல் ஒரு பெரிய பறவையின் நிழல்போல நிதானமாகக் கடந்தது. அதற்குப் பிறகு காற்றை மறைக்கப் பாதிச் சுவர்தான் இருந்தது. மழை ஊசியாக முதுகில் ஏறியது. அவன் சொன்னதுபோலத்தான், அலை ஒவ்வொன்றும் பலகையைத் தூக்கி அவள் முழங்கால்களில் அடித்தது.

"இறங்குது," என்றாள். சிறிது நேரம் கழித்து மறுபடியும். பிறகு ஒவ்வோர் அலைக்கும். அவன் பதில் சொல்வதை நிறுத்தியிருந்தான். காலரை உலுக்கினால் மட்டும் ஒரு முனகல் வந்தது. கடைசி இரண்டு முறை அதுவும் வரவில்லை.

எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. அவள் விரல்கள் மரத்து, யாருடைய விரல்களோ ஆகிவிட்டிருந்தன. ஒரு அலை வடிந்தபோது நாலாம் படியின் கல் தெரிந்தது. அவள் நம்பவில்லை. இரண்டு அலைகளுக்கு நடுவே எதுவும் தெரியும். அடுத்த அலை வந்து போனது. கல் தெரிந்தது. அதற்கடுத்ததும். கல்லின்மேல் ஒரு சிறு நண்டு ஏறி நின்று வழி பார்த்தது.

சொல்ல வாயெடுத்தாள். அந்த வார்த்தையை இத்தனை நேரம் பொய்யாகச் செலவழித்துவிட்டிருந்தாள்.

காலரை விட்டாள். அவன் வலது கையைத் தேடி எடுத்து, நாலாம் படியின் ஈரக் கல்லில் விரித்து வைத்து, தன் கையால் மூடி அழுத்தினாள். ஒரு அலை வந்தது. அவர்கள் கைகளுக்குக் கீழே, படியின் விளிம்பை மட்டும் நனைத்துவிட்டுப் போனது.

அவள் காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து, உள்ளங்கைக்கு அடியில், அவன் விரல்கள் கல்லின் விளிம்பைத் தடவிப் பிடித்தன.