பாதி ஊறிய தோல்

சண்டைக்குப் போகும் பட்டாளத்து பூட்ஸுக்கு உடனே தோல் வேண்டுமென்று தந்தி வந்ததும், ஆம்பூர் தோல் ஷாப்பு முதலாளி கபூர் சாயபு, தோல் பதனிடும் ஆவாரம்பட்டைத் தொட்டியில் பாதி ஊறிய தோல்களையே தூக்கச் சொன்னார். அறுத்தால் நடுவில் வெள்ளைக் கோடு தெரியும், உள்ளே பதம் ஏறாத பச்சைத்தோல்.

"அவ்ளோ தூரத்துல எவன் அறுத்துப் பார்க்கப் போறான்?" என்றார்.

சண்டை ஓய்ந்ததும், முன்பு அவரிடம் வேலை பார்த்துப் பட்டாளத்தில் சேர்ந்த கன்னியப்பன், பஸ்ரா போர்முனையிலிருந்து ஒற்றைக்காலோடு வந்து நின்றான். சேற்றில் பூட்ஸ் பிளந்து, புண் அழுகி, காலை எடுத்துவிட்டார்களாம்.

"யாரு தோலுப்பா அது?" என்று கேட்டார் சாயபு.

"நம்ம தோல்தான் சாயபு. உள்பக்கம் நம்ம முத்திரை இருந்துச்சு. நம்ம தோல்னா தண்ணி தாங்குமேன்னு, குடுத்த ஜோடியத் திருப்பிக் குடுத்துட்டு, நான்தான் தேடி எடுத்துக்கினேன்."